மீன்குளத்து நீரை நிலையாக வைப்பது எது: நீர் மாற்றமா, கிளிஞ்சலா, சமையல் சோடாவா?

வீட்டுத் தோட்டத்தில் குளம் வைத்து மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பிஎச் அளவை, அதாவது நீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்ணை, மட்டுமே பார்க்கிறார்கள். அந்த எண்ணைத் தாங்கிப் பிடிப்பதோ நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டின் கையிருப்பு. அதையே காரத்தன்மை என்கிறோம். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் ஏறுகிறது, இரவில் குளத்து உயிர்கள் அனைத்தும் அதை வெளிவிடுவதால் இறங்குகிறது. கையிருப்பு போதிய அளவில் இருந்தால் விடியற்காலை அளவுக்கும் பிற்பகல் அளவுக்கும் இடையே வித்தியாசம் சிறிதாகவே இருக்கும். இல்லாவிட்டால், பாசி மிகுந்த குளத்தில் அது இரண்டு அலகைக்கூடத் தொட்டுவிடும்.

கையிருப்பைக் கரைக்கும் இன்னொன்று நாம் நம்பி வைத்திருக்கும் வடிகட்டியே. அதில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றும்போது, காரத்தன்மையை அளக்க வழக்கமாகப் பயன்படும் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. வடிகட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, மீனுக்கு எவ்வளவு தீவனம் போடுகிறோமோ, அவ்வளவு வேகமாக இருப்பு குறையும். இந்தச் செலவை ஈடுகட்ட மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது நீர் மாற்றம். நைட்ரேட்டையும் கரைந்த கழிவையும் வெளியேற்றிக்கொண்டே காரத்தன்மையையும் கொண்டுவருவதால், மூன்றில் இதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பேன். ஆனால் வரும் நீரில் இருப்பதைத்தான் அது தரும். காரத்தன்மை குளத்தில் லிட்டருக்கு 60 மில்லிகிராமும் ஊற்றும் நீரில் 150 மில்லிகிராமும் இருந்தால், பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது குளத்தின் அளவு 9 மில்லிகிராம் உயரும். ஊற்றும் நீரில் 40 மட்டுமே இருந்தால், அதே வேலை இருந்ததையும் குறைத்துவிடும். மழைநீரில் காரத்தன்மை ஏறக்குறைய இல்லை என்பதால், பெருமழைக்கு மறுநாள் குளத்தைச் சோதிப்பது அவசியம். ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றி நிரப்புவதை நீர் மாற்றம் என்று கருதக் கூடாது. அதில் பழைய நைட்ரேட் அப்படியே தங்கிவிடுகிறது. குழாய்நீரானால் குளோரினை நீக்கிய பிறகே விட வேண்டும்.

இரண்டாவது, கிளிஞ்சலையோ சிப்பி ஓட்டையோ உடைத்துப் பையில் கட்டி வடிகட்டியில் வைப்பது. தேவைப்படும்போது மட்டும் தானாகக் கரையும் என்று பலரும் இதைப் பரிந்துரைப்பார்கள். அது பாதி உண்மை. ஓடுகளில் உள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தன்மை கூடும்போது கரைகிறது, பிஎச் எட்டைத் தாண்டும்போது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே அளவு மிஞ்சிவிடும் என்ற பயம் இல்லை. அந்த நற்குணமே அதன் எல்லையும் ஆகிறது. காற்று நன்கு கலக்கும் நீரில் இந்தக் கால்சியம் கார்பனேட் மட்டும் கரைந்து தரக்கூடிய காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமை ஒட்டியே நிற்கும். அதற்கு மேல் ஏற்ற அதனால் இயலாது.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு காலை நேரத்தில். கிளிஞ்சல் பை இருக்கிறது என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் சோதிக்காமல் விட்டிருந்தேன். மீன்கள் தீவனத்துக்கு வராமல் ஓரமாக ஒதுங்கி நின்றன. சோதனைக் குப்பியில் 5 மில்லி நீர் எடுத்து, காரத்தன்மையை அளக்கும் சோதனை மருந்தை விட்டேன். நீலமாக மாறி, ஒவ்வொரு துளியாக எண்ணிய பிறகே மஞ்சளாக வேண்டிய நீர், முதல் துளியிலேயே மஞ்சளாகிவிட்டது. அந்தச் சோதனையில் ஒரு துளி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் காரத்தன்மை. பையைத் திறந்து பார்த்தபோது ஓடுகளின் மேல் பழுப்பு நிற வழுவழுப்புப் படலம் மூடியிருந்தது. நீர் ஓட்டைத் தொடவே வழியில்லை. மாதம் ஒருமுறை பையை வெளியே எடுத்து, குளத்து நீரிலேயே அலசித் தேய்த்து வைத்தால்தான் அது பயன்படும்.

மூன்றாவது சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். 1,000 லிட்டர் நீரில் 84 கிராம் கரைத்தால் காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராம் உயரும். வேறு எந்த வழியிலும் இவ்வளவு துல்லியமாகக் கணக்கிட முடியாது. எவ்வளவு சேர்த்தாலும் பிஎச் எட்டரைக்கு அருகில் நின்றுவிடுவது இதன் பெரிய பாதுகாப்பு. குறை என்னவென்றால், இது கால்சியத்தைத் தராது. நாம் மறந்தால் தானாக நிரப்பவும் செய்யாது. ஊற்றும் நீரின் காரத்தன்மை 100-க்கு மேல் இருந்தால் நீர் மாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் குறைவாக இருந்தால், வாரம் ஒருமுறை துளி எண்ணிப் பார்த்துச் சோடா சேர்ப்பதே என் தேர்வு. கிளிஞ்சலைத் துணைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

மீன் உள்ள குளத்தில் நீற்றுச் சுண்ணாம்பை நான் சேர்க்கவே மாட்டேன். சிறிது மிஞ்சினாலும் பிஎச் செவுளைக் கருக்கும் உயரத்துக்குத் தாவிவிடும். பிஎச்சைக் குறைக்க விற்கப்படும் அமிலங்களும் வேண்டாம். அவை கையிருப்பையே தின்று இறக்குகின்றன.

காரத்தன்மை அடியோடு தீர்ந்த குளத்தில் சோடாவை ஒரேயடியாகக் கொட்டுவது ஆபத்து. பிஎச் ஆறுக்கு இறங்கிய நீரில் பாக்டீரியாக்கள் முடங்கி, அம்மோனியா சேர்ந்திருக்கும். ஆனால் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். சோடாவால் பிஎச் ஏறினால் அது நச்சான அம்மோனியா வடிவத்துக்கு மாறும். 25 டிகிரி செல்சியஸில் அந்த நச்சு வடிவத்தின் பங்கு பிஎச் ஏழில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, எட்டில் ஐந்துக்குச் சற்று மேல், ஒன்பதில் முப்பத்தாறு. அதனால் அன்று காலை நான் சோடாவைத் தொடுவதற்கு முன் அம்மோனியாவைச் சோதித்தேன். தீவனத்தை நிறுத்தி, கால் பங்கு நீரை மெதுவாக மாற்றி, அம்மோனியா இறங்கியதைப் பார்த்த பிறகே, தேவையான சோடாவை நான்கு பங்காக்கி, நாளுக்கு ஒரு பங்கு வீதம் வாளியில் கரைத்து அருவி விழும் இடத்தில் ஊற்றினேன். ஐந்தாம் நாள் காலையில் ஐந்தாவது துளி வரை நீர் நீலமாகவே இருந்தது.