கைத்தையல் குவில்ட் வகுப்பா, மெஷின் வகுப்பா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைக்கப் பழக நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இதுதான்: முதலில் கைத்தையலா, மெஷினா?

செலவு: கைத்தையலுக்கு ஊசி, நூல், கத்தரி, பழைய பருத்தித் துணி போதும். மெஷினுக்கு, வீட்டில் மிதி மெஷின் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் அதை வாங்குவதே பெருஞ்செலவு.

வேகம்: மெஷின்தான், சந்தேகமே இல்லை.

உறுதி: இதில்தான் நிதானிக்க வேண்டும். துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைப்பது வழக்கம். அந்த இணைப்பு மெஷின் தையலாக இருந்தால் அடிக்கடி துவைத்தாலும் தாங்கும். ஆனால் மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கும் சேரும்போது மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண பாதத்தில் மேல்துணி நகர்ந்து சுருங்கும். அடுக்குகளைச் சேர்த்தே நகர்த்தும் 'வாக்கிங் ஃபுட்' என்ற தனிப் பாதம் அதற்கு உதவும். எல்லா மிதி மெஷினுக்கும் அது பொருந்தாது. கையால் தைத்தால் சுருக்கம் விழும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கனத்த பஞ்சு லேசில் காயாது. எந்த வகுப்பானாலும் மெல்லிய பஞ்சாகக் கேளுங்கள். துணியை முன்பே துவைத்து, சாயம் போகிறதா என்று பாருங்கள்.

மிஷனரி காலத்து லேஸ் பின்னல் தொட்டே கைவேலை இங்கே பழகிய ஒன்று. தைத்தே அறியாதவர்களும், சின்ன மேஜை விரிப்பு ஒன்றை ஆசையாகச் செய்ய விரும்புகிறவர்களும் கைத்தையலில் சேரலாம். ரவிக்கை தைக்கத் தெரிந்து, கட்டில் விரிப்பு தைத்து விற்க எண்ணுகிறவர்கள் மெஷின் வகுப்புக்கே போகட்டும்.