மூணு சர்வர்னு சொல்லி ஒண்ணைக் கொடுத்தாங்க, 3,36,300 ரூபாய் போச்சு

கோபத்துலதான் எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. சின்னதா சாஃப்ட்வேர் வச்சுத் தொழில் பண்றவங்க, டேட்டாபேஸை வெளி ஆள்கிட்ட ஒப்படைச்சிருக்கிறவங்க, ஓனர் மட்டுமில்ல கோட் எழுதுற தம்பிகளும் படிங்க. எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

மதுரை காளவாசல் பக்கம் ஆபீஸ். ஸ்கூல் வேன், பூ ஏத்துற டெம்போ, கொஞ்சம் லோடு ஆட்டோ. இதுகளுக்கு ஜிபிஎஸ் மாட்டி, வண்டி எங்க வருதுன்னு போன்ல காட்டுறது நம்ம தொழில். மொத்தம் 240 வண்டி. பத்து செகண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு வண்டியும் தன் இடத்தை அனுப்பும். செகண்டுக்கு 24 ரெக்கார்டு. பெரிய லோடே கிடையாது, பழைய லேப்டாப் தாங்கும்.

பிறகு எதுக்கு பெரிய டேட்டாபேஸ்னு கேப்பீங்க. அழியக் கூடாது, நிக்கக் கூடாது, அதுக்குத்தான். சாயங்காலம் வேன் மேப்புல தெரியலைன்னா திருநகர்லயும் வில்லாபுரத்துலயும் இருக்கிற பெத்தவங்க ஒருத்தர் விடாம கூப்பிடுவாங்க. நிலக்கோட்டையிலிருந்து விடியுமுன்ன மாட்டுத்தாவணி வர வேண்டிய மல்லி, முகூர்த்த நாள்ல ஒரு மணி நேரம் பிந்திருச்சுன்னா விலையே வேற. யாரால லேட்டுன்னு டெம்போ ஓனருக்கும் கமிஷன் கடைக்காரருக்கும் சண்டை வந்தா, நம்ம ஆப்புல பழைய ரூட்டை எடுத்துப் பார்த்துத்தான் பஞ்சாயத்து முடியும். டீசல் கணக்கும் அதை வச்சுத்தான்.

அக்கா மகன்தான் நம்ம கோட் எல்லாம் எழுதுறான். "மாமா, கசாண்ட்ரா போடலாம். ஒரு ரெக்கார்டை மூணு மெஷின்ல எழுதி வைக்கும். ஒண்ணு செத்தாலும் கடை ஓடும்"னான். பேஸ்புக்ல இன்பாக்ஸ் தேடலுக்காக எழுதி, 2008-ல பொதுவுல விட்டது. இப்ப அப்பாச்சி அறக்கட்டளை பார்த்துக்குது. ஐஞ்சு பைசா லைசென்ஸ் கிடையாது. ஆனா ராத்திரி பகல் பார்த்து ஓட்ட ஆள் வேணும். அவன் ஒருத்தன், அவனும் தூங்கணுமில்ல. அதனால "நாங்களே ஓட்டித் தர்றோம், நீங்க கனெக்ட் பண்ணிக்கிட்டாப் போதும்"னு சொல்ற மாதிரி சர்வீஸ் ஒண்ணைத் தேடினோம். பேர் சொல்ல மாட்டேன், வக்கீல் வேண்டாம்னுட்டார்.

அவங்க ஆள் நேர்லயே வந்தார். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ஏமாத்து மொத்தமும் இங்கதான் நடந்துச்சு. சட்டை இன் பண்ணி, லேப்டாப் பையோட வந்தவர், உக்காந்த உடனே "நானும் திருமங்கலந்தாண்ணே"ன்னார். அதுக்கப்புறம் சார் இல்ல, எல்லாம் அண்ணேதான். டீ வந்துச்சு. லேப்டாப்பைத் திறந்து ஒரு டாஷ்போர்டைக் காட்டினார். அதுல மூணு பச்சைப் புள்ளி, ஒவ்வொண்ணுக்கும் கீழ நோட் 1, நோட் 2, நோட் 3. நோட்னா டேட்டாபேஸ் ஓடுற ஒரு மெஷின். "இது மூணும் தனித்தனி மெஷினுண்ணே, தனித்தனி கரண்ட் லைன். ஒண்ணை நான் இப்பவே ஆஃப் பண்றேன் பாருங்க"ன்னு ஒரு பட்டனை அமுக்கினார். ஒரு புள்ளி சிவப்பாச்சு. டெஸ்ட் டேட்டா அப்பவும் வந்துச்சு. பத்து மில்லிசெகண்டுக்குள்ள பதில். நம்ம பய கண்ணு விரிஞ்சு போச்சு. எனக்கும்தான். கண்ணால பார்த்ததுக்கு மேல என்ன வேணும்?

வருஷத்துக்கு 2,85,000. மாசா மாசம் கட்டுறேன்னேன். "வருஷமாக் கட்டுனாத்தாண்ணே இந்த ரேட்டு, உங்களுக்காக மேனேஜர்கிட்ட சண்டை போட்டு வாங்கினது"ன்னார். 18 சதவீத ஜிஎஸ்டி 51,300. ஆக 3,36,300 ரூபாய், அன்னைக்கே அனுப்பினேன். அக்ரிமென்ட்ல தெளிவா இருக்கு: மூணு நோட், ரெப்ளிகேஷன் மூணு (ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் மூணு காப்பி), தினமும் பேக்கப்.

சேர்ந்ததும் செட்டிங்ஸ் மெயில் வந்துச்சு. அதுல கன்சிஸ்டென்சி லெவலை, அதாவது எத்தனை மெஷின் எழுதினேன்னு சொன்னா ஓகேன்னு எடுத்துக்கணும்ங்கிறதை, "ஒன்"னு வைக்கச் சொல்லியிருந்தாங்க. நம்ம பய போன் போட்டுக் கேட்டான்: "குவோரம்ல வச்சா மூணுல ரெண்டு மெஷின் எழுதினேன்னு சொன்ன பிறகுதானே ஓகே வரும், அதுதானே பாதுகாப்பு?" அவங்க பதில்: "ஒன்ல வச்சாத்தான் சார் லேட்டன்சி குறையும், நம்ம ஸ்டாண்டர்ட் அதுதான்." லேட்டன்சின்னா பதில் வர ஆகுற நேரம். கேட்டுக்கிட்டான். வேகமும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாத ஒத்தை மெஷின் வேகமாத்தான் இருக்கும்!

ஆவணி முகூர்த்தம் ஒண்ணு. விடியக்காலை டெம்போக்காரர் ஒருத்தர் எழுப்பிவிட்டார், ஆப்புல வண்டியே தெரியலைன்னு. ஒரு வண்டியும் தெரியல. ஸ்கூல் வேன் கிளம்புற நேரம் வரைக்கும் அப்படியே கிடந்துச்சு. சப்போர்ட் நம்பர்ல ஒரு பொண்ணு, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது சார்." எப்ப சரியாகும்? "எல்-டூ டீம் பார்த்துக்கிட்டிருக்காங்க சார்." எல்-டூ டீம்ல யாரும்மா? "அந்தத் தகவல் எங்ககிட்ட இல்ல சார்." அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்லல, அது பிழைப்புக்கு உக்காந்திருக்கு.

மறுநாள் கனெக்ஷன் வந்துச்சு. உள்ள டேபிள் எல்லாம் காலி. இத்தனை மாச ரூட்டும் இல்லை. டிஸ்க் போயிருச்சாம். சரி, ஒரு டிஸ்க் போகட்டும், மத்த ரெண்டு மெஷின் எங்க? தினமும் எடுத்த பேக்கப் எங்க? பேக்கப்புக்கு வந்த பதிலைக் கேட்டா வயிறு எரியும்: ஸ்னாப்ஷாட் எடுத்தாங்களாம், அதுவும் அதே டிஸ்க்லதான் இருந்துச்சாம். கசாண்ட்ராவோட ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்ல அதே ஃபைலுக்கு இன்னொரு பேர், அவ்வளவுதான். வேற இடத்துக்குக் காப்பி பண்ணி எடுத்துட்டுப் போனாத்தான் அது பேக்கப். பத்திரத்தையும் ஜெராக்ஸையும் ஒரே பீரோவுல வச்சுப் பூட்டுறதுன்னு சொல்வோமே, இதுல ஜெராக்ஸ் கூடக் கிடையாது.

மூணு மெஷின் விஷயத்தை நம்ம பயதான் தோண்டி எடுத்தான். புதுசாக் கொடுத்த கனெக்ஷன்ல "ஒன்"னை "குவோரம்"னு மாத்தி ஒரு ரெக்கார்டு எழுதினான். உடனே எரர்: ரெண்டு ரெப்ளிகா (காப்பி வைக்கிற மெஷின்) வேணும், உயிரோட இருக்கிறது ஒண்ணு. அடுத்து சிஸ்டம் பியர்ஸ்னு ஒரு டேபிள் இருக்கு, கூட இருக்கிற மத்த நோட்கள் அதுல வரிசையா வரணும். அது காலி. "இது தற்காலிக ஏற்பாடு சார், பழசு மூணு நோட்தான்"னு சொன்னாங்க. நம்ம சர்வர்ல பழைய லாக், அதாவது நடந்ததை எல்லாம் வரி வரியா எழுதி வைக்கிற ஃபைல், இருந்துச்சு. டேட்டாபேஸோட கனெக்ட் பண்ற சாஃப்ட்வேருக்கு டிரைவர்னு பேர், அது கண்டுபிடிக்கிற ஒவ்வொரு மெஷினையும் லாக்ல ஒரு வரி எழுதும். முதல் நாள்லயிருந்து ஒரே ஒரு மெஷின் அட்ரஸ்தான் அதுல இருக்கு. ஒரு தடவை கூட ரெண்டாவது வரல. ரெப்ளிகேஷன் மூணுன்னு பேருக்கு எழுதி வச்சிருந்தாங்க, வைக்கிறதுக்கு மெஷின் கிடையாது. "ஒன்"ல வைங்கன்னு ஏன் சொன்னாங்கன்னு இப்பப் புரியுதா? குவோரம்ல வச்சிருந்தா முதல் ரெக்கார்டுலயே குட்டு உடைஞ்சிருக்கும். அந்தப் பச்சைப் புள்ளி மூணும் சும்மா வரைஞ்ச படமா, வேற யாரோட மெஷின்களான்னு அந்தத் திருமங்கலத்து ஆளுக்குத்தான் வெளிச்சம்.

லாக்கை அனுப்பினதுக்கு அப்புறம் அவங்க பேச்சே மாறிருச்சு. "உங்க டேட்டா மாடல் தப்பு சார், பார்ட்டிஷன் பெருசாகித்தான் நோட் விழுந்துச்சு"ன்னு மேனேஜர். பார்ட்டிஷன்னா ஒண்ணாச் சேர்த்து ஒரே இடத்துல வைக்கிற ரெக்கார்டு கட்டு, எங்களுக்கு அது ஒரு வண்டிக்கு ஒரு நாள். நாள் முழுக்க ஓடினாலும் 8,640 வரி, ஒரு எம்பி வருமான்னு பாருங்க. நூறு எம்பிக்குள்ள வச்சுக்கோங்கன்னுதான் கசாண்ட்ரா தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்வாங்க. இதை நம்ம பய சொன்னதும் போன்ல சத்தமே இல்ல, அப்புறம் "செக் பண்ணிட்டுக் கூப்பிடுறேன்." கூப்பிடல.

நம்ம திருமங்கலத்து ஆளுக்குப் போட்டா, "நான் இப்ப வேற டீம்ல இருக்கேண்ணே, இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்." அடுத்த தடவை எடுக்கல. இப்ப ரிங்கே போறதில்ல.

கடைசியா ஒரு மெயில் வந்துச்சு. அக்ரிமென்ட் படி சர்வீஸ் கிரெடிட்தான் தர முடியுமாம், அடுத்த பில்லுல பத்து சதவீதம் கழிச்சுப்பாங்களாம். வருஷம் முழுசும் முன்கூட்டியே 3,36,300 கட்டினவனுக்கு அடுத்த பில் ஏதுய்யா? அடுத்த வருஷமும் வந்து இவங்ககிட்டயே கட்டினாத்தான் அந்தக் கழிவாம்!

பணம் 3,36,300. அதுபோக ரெண்டு ஸ்கூல் விலகிருச்சு. டெம்போ ஓனர்கள் டீசல் கணக்குக்கு என்னைத்தான் பிடிக்கிறாங்க. அது எவ்வளவு வரும்னு இன்னும் உக்காந்து பார்க்கல, பார்க்கவும் தெம்பில்ல. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு. அவங்க அக்ரிமென்ட்ல கேஸ் எல்லாம் அவங்க ஊர் கோர்ட்லதான்னு ஒரு வரி வேற. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனா "வியாபாரத்துக்கு வாங்கினது"ன்னு தள்ளப் பார்ப்பாங்களாம். சொந்தப் பிழைப்புக்காக வாங்கினதுன்னு காட்டினா 2019 சட்டத்துல இடம் இருக்குன்னு வக்கீல் சொல்றார். பார்ப்போம்.

டேட்டாபேஸ் மேல தப்பில்ல. அதே கசாண்ட்ராவை வாடகைக்கு எடுத்த மூணு மெஷின்ல நம்ம பய இப்பப் போட்டிருக்கான். குவோரம்லதான் எழுதுது, ஒண்ணை நிஜமாவே ஆஃப் பண்ணிப் பார்த்தோம், வண்டி எல்லாம் தெரிஞ்சுச்சு.

விவரமா சொல்றேன்னேன், இப்ப நேரமில்ல. அவசரத்துக்கு இதைப் பாருங்க. பணம் கட்டுமுன்ன குவோரம்ல ஒரு ரெக்கார்டு எழுதிப் பாருங்க. பியர்ஸ் டேபிளைத் திறந்து பாருங்க, அவங்க டாஷ்போர்டை நம்பாதீங்க. பேக்கப் எங்க கிடக்குன்னு கேளுங்க, உங்க கையில ஒரு காப்பி வாங்கி அதைத் திரும்ப ஏத்திப் பாருங்க. வருஷ அட்வான்ஸ் வேண்டவே வேண்டாம். அக்ரிமென்ட்ல கோர்ட் எந்த ஊர்னு படிங்க. "நானும் உங்க ஊர்தாண்ணே"ன்னு ஒருத்தர் வந்தா டீ மட்டும் வாங்கிக் கொடுங்க.

கம்பெனி பேர் கேட்டு யாரும் மெசேஜ் போடாதீங்க, வக்கீல் திட்டுறார். இதே மாதிரி ஒத்தை மெஷினை மூணுன்னு வாங்கினவங்க மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் இருந்தா லாக்கை அழிக்காம எடுத்து வச்சுட்டு எனக்குச் சொல்லுங்க, சேர்ந்தே கேஸ் போடலாம்.