வெயில் தாங்கும் ஜெல்லி எது?

ஈரோடு மாவட்டம் கோபியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். ஜெல்லி மிட்டாயை இறுக வைக்க ஜெலட்டின் போடுவார்கள், இல்லையென்றால் பெக்டின் போடுவார்கள். இந்தப் பங்குனியிலிருந்து ஜெலட்டின் போட்ட ஜெல்லி மிட்டாயை நிறுத்திவிட்டு, பெக்டின் போட்டதை மட்டும் வாங்குகிறேன். பக்கத்துக் கடைக்காரர்கள் காரணம் கேட்கிறார்கள்.

சர்க்கரை இரண்டிலும் உண்டு, பல்லுக்கு இரண்டும் ஆகாது. வித்தியாசம் மெல்லும்போதுதான் தெரியும். ஜெர்மனியின் பான் நகரில் 1922இல் ஹான்ஸ் ரீகல் என்ற மிட்டாய்க்காரர் கரடி வடிவில் மிட்டாய் வார்த்தார். நூறு வருடம் கடந்தும் பிள்ளைகள் கரடியைத்தான் கேட்கிறார்கள். அதன் காதைப் பல்லால் பற்றி இழுத்து, நீண்டு அறுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் அவர்களுக்கு. அந்த இழுவை ஜெலட்டினுக்கே உரியது. பெக்டின் கடித்த இடத்திலேயே வெட்டுப்பட்டுவிடும். இந்த ஒன்றில் ஜெலட்டின்தான் மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். ஜெலட்டின் உடல் சூட்டை ஒட்டியே இளகத் தொடங்கும். வாயில் போட்டதும் கரைகிற சுகமும் அதனால்தான். சித்திரையில் ஈரோட்டுப் பக்கம் 40 டிகிரி தாண்டும்போது, அட்டைக் கூரைக்குக் கீழே பாட்டிலுக்குள்ளும் அதே கதைதான். போன வருடம் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு உறவினர் கல்யாணத்துக்குப் போய்வந்தேன். மூடியைத் திறந்தால் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்து ஒரே கட்டி. மேலே இரண்டு கரடித் தலைகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. தோசைக் கரண்டியால் குத்தியும் பெயரவில்லை. அப்படி மூன்று பாட்டில்! உருகிய சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்று சரக்கு போடுகிறவர் கையை விரித்துவிட்டார்.

பெக்டின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுப்பது. சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தால் இறுகும். ஜாம் உறைவதும் இப்படித்தான். இறுகிய பிறகு வெயிலுக்கு எளிதில் இளகுவதில்லை. இந்தச் சித்திரையில் அதே அலமாரியில், அதே இடத்தில் வைத்தேன். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகக் கைக்கு வந்தது. பாட்டிலுக்கு விலை கூடத்தான். ஆனாலும் தூக்கியெறிந்த மூன்று பாட்டிலின் பணத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் பெக்டினே மலிவு.

புரட்டாசியிலும் இது கைகொடுத்தது. மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து வருவது ஜெலட்டின். அதனால் பாக்கெட்டில் அசைவம் என்று காட்டும் பழுப்பு முக்கோணம் இருக்கும். “சாமி, முக்கோணம் போட்டதைப் புரட்டாசியில் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?” என்று ஒரு அம்மாயி போன வருடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த வருடம் பச்சைப் புள்ளியைப் பார்த்து, அவரே பேரனுக்கு வாங்கிக் கொடுத்தார்.

கடற்பாசியில் செய்யும் அகர் அகர் ஜெல்லியும் வெயில் தாங்கும். ஆனால் எளிதில் உடைந்துவிடும், நீரும் விடும். பாட்டில் வியாபாரத்துக்கு ஒத்துவராது.

பெக்டினை வைத்து ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன். ஐப்பசியில் சர்க்கரை தூவிய ரகம் இரண்டு பாட்டிலில் வேர்த்து ஒட்டிக்கொண்டது. ஈரக்காற்றா, மூடி இறுகாததா என்று உறுதியாகச் சொல்ல இன்னொரு ஐப்பசி வேண்டும். அதுவரை மழை மாதங்களில் பாட்டிலை விட்டு, வாய் ஒட்டிய சிறு பாக்கெட்டாகவே வாங்கப்போகிறேன்.