தாயம் விழ எத்தனை முறை? ஆறு சோழியும் பித்தளைக் கட்டையும்

எங்கள் வீட்டில் தாய ஆட்டத்துக்கு வெகுநாள் சோழிதான். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்க முடியும். நாலு பேர் உட்கார்ந்தால் முதல் காய் இறங்கவே நேரம் போய்விடும். போன மே விடுமுறையில் ஒரு நாள், சின்னவள் ஒரு காய்கூட இறக்காமலே ஆட்டம் முடிந்தது. அவள் முகம் வாடியதைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டேன். மறுநாள் ஒரு ஜோடி தாயக்கட்டை வாங்கிவிட்டேன்.

சோழி மலிவு. தொலைந்தால் இன்னொன்றைச் சேர்க்கலாம், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை போதும். கட்டை உருளும் சத்தம் தனிச் சுகம். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: என் முறை வரும்போது தாயம் விழ எவ்வளவு வாய்ப்பு?

கட்டையின் நாலு பக்கத்தில் 0, 1, 2, 3 புள்ளிகள். இரண்டு கட்டை விழும் விதம் 16. ஒன்றில் 1, மற்றதில் வெற்றுப் பக்கம் என்றால் தாயம். அது 2 விதம். ஆக எட்டில் ஒன்று என்று பலர் நிறுத்திவிடுவார்கள். ஆனால் 5, 6, 12 (இரண்டும் வெற்றுப் பக்கம் என்றால் 12) விழுந்தால் மறுபடி போடலாமே! அவை 2, 1, 1 என 4 விதம். அந்த நாலும் எதையும் முடிவு செய்வதில்லை, கட்டையைத் திரும்பக் கையில்தான் கொடுக்கின்றன. மீதி 12இல் 2 தாயம். அதாவது ஒரு முறைக்கு ஆறில் ஒன்று. லூடோவில் ஆறு விழும் வாய்ப்பும் இதே அளவுதான் என்று கண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். (5க்கு மறுபடி போட விடாத ஊர்களில் ஏழில் ஒன்று.)

சோழியில் வாய் (பிளந்த பக்கம்) மேலே பார்ப்பவற்றை எண்ணுவோம்: ஒன்று மட்டும் என்றால் தாயம், ஒன்றுமே இல்லை என்றால் 12. ஆறு சோழி விழும் விதம் 64. தாயம் 6 விதம், மறுபடி போடும் 5, 6, 12 சேர்ந்து 8. மீதி 56இல் 6, அதாவது 11 சதவீதம்கூட இல்லை. நாலு பேரும் ஒரு சுற்று ஆடி ஒருவருக்கும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு கட்டையில் 48 சதவீதம், சோழியில் 64.

இதுவும் சோழி இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால்தான். ஒரு பக்கம் முதுகு, ஒரு பக்கம் வாய். அது எப்படிச் சமமாக விழும்? நூற்றுக்கு 40 தடவை வாய் மேலே பார்த்தால் தாயம் 20 சதவீதத்துக்கு ஏறிவிடும், கட்டையையே மிஞ்சும். 60 தடவை என்றால் 5 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். எங்கள் ஆறு சோழியையும் நூறு முறை போட்டேன். 600இல் 330 வாய் மேலே. அந்தக் கணக்கில் தாயம் 7 சதவீதம்தான். நூறு முறை போட்டதில் வாய் விழும் அந்த 55 சதவீதம் நாலு இப்படி அப்படி இருக்கலாம், உங்கள் வீட்டுச் சோழி வேறு மாதிரியும் விழலாம். கட்டையில் அந்தச் சந்தேகம் குறைவு. உள்ளங்கையில் தேய்த்து நழுவவிடும் கைப்பழக்கம் கணக்கை எவ்வளவு மாற்றும் என்பதை மட்டும் நான் சோதித்துப் பார்க்கவில்லை.

வெட்டுவதற்குச் சோழி மோசமில்லை. ஒரே ஒரு தடவை போடுவதை மட்டும் பார்த்தால், மூன்று கட்டம் முன்னால் நிற்கும் எதிராளி காய்க்கு அதில் 31 சதவீத ஆபத்து, கட்டையில் 25.

சோழியை விட மனமில்லை என்றால் தாயத்தோடு ஐந்துக்கும் காய் இறக்க விடுங்கள். சமமாக விழும் சோழியில், மறுபடி போடும் 6, 12 என்ற 2 விதத்தை மட்டும் கழித்தால், 62க்கு 12, அதாவது 19 சதவீதம். வாய் 40 விழுந்தாலும் 60 விழுந்தாலும் அது 23, 24 சதவீதத்தில்தான் நிற்கும்.