கோஸ்டா ரிக்கா சம்மர் ப்ரோக்ராம்: 6 வாரம் இருந்துட்டு வந்து எழுதறேன்

அமெரிக்கால நான் படிக்கற யுனிவர்சிட்டில வருஷா வருஷம் ஜூன் ஜூலைல மத்திய அமெரிக்கால இருக்கற கோஸ்டா ரிக்காவுக்கு ஒரு ப்ரோக்ராம் கூட்டிட்டு போறாங்க, காடும் பண்பாடும்தான் சப்ஜெக்ட், 6 வாரம், ரெண்டு கோர்ஸ், 6 கிரெடிட். போலாமா வேணாமான்னு கேட்டு ஜூனியர்ஸ் நாலஞ்சு பேர் மெசேஜ் பண்ணிட்டாங்க, ஆளுக்கு ஒரு வாய்ஸ் நோட் போடறதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். 5-க்கு 4 குடுப்பேன். அந்த ஒண்ணு எதுக்கு கொறைச்சேன்னு கீழ சொல்றேன்.

பேருதான் சம்மர் ப்ரோக்ராம், அங்க போனா மழை. மே-ல இருந்து நவம்பர் வரைக்கும் அங்க மழைக்காலம், அதை அவங்க இன்வியர்னோன்னு சொல்றாங்க, குளிர்காலம்னு அர்த்தம். காலைல பளிச்சுன்னு இருக்கும், மத்தியானம் ஒரு மணிக்கு மேல இருட்டிட்டு வந்து கொட்டும். நான் பொள்ளாச்சிக்காரி, ஆடி மாசம் வால்பாறை மழை எப்படி இருக்கும்னு நல்லா தெரியும், அதனால எனக்கு அது கஷ்டமா இல்ல, ஆனா கூட வந்த அரிசோனா பையன் மூணாவது நாளே வீட்டுக்கு போன் பண்ணி துணி எதுவும் காயவே மாட்டேங்குதுன்னு பொலம்பிட்டான். நல்ல ரெயின் கோட் இல்லாம போகாதீங்க, குடைய நம்பாதீங்க, காத்து இழுத்துட்டு போயிடும்.

தலைநகர் சான் ஹோசேல மூணு நாள்தான், ஓரியன்டேஷன், ஸ்பானிஷ் டெஸ்ட், மியூசியம். ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல நின்னுச்சு. அந்த ஊர்ல வீட்டு நம்பர் தெரு பேரு வெச்சு யாரும் அட்ரஸ் சொல்றதில்ல, சர்ச்சுல இருந்து 200 மீட்டர் வடக்கே, 50 மீட்டர் கெழக்கேன்னு சொல்றாங்க, 100 மீட்டர்னா ஒரு பிளாக்னு கணக்கு. சான் பெத்ரோ பக்கம் ஒரு பெரிய அத்தி மரம் இருந்துச்சாம், மரம் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் அந்த பழைய அத்தி மரத்துல இருந்து இத்தன மீட்டர்னுதான் வழி சொல்றாங்க. நம்ம ஊர்லயும் இடிச்சுப்போட்ட தியேட்டர் பேர்ல பஸ் ஸ்டாப் இருக்குல்ல, அதே மாதிரி.

அப்புறம் மூணு வாரம் மோன்தேவெர்தே. இந்த ப்ரோக்ராமோட உயிரே இங்கதான் இருக்கு, இதுக்காக மட்டுமே போலாம்னு சொல்வேன். கடல் மட்டத்துல இருந்து 1,400 மீட்டர் கிட்ட இருக்கற மலை ஊர், அதுக்கு மேல மேகக்காடு. கரீபியன் பக்கத்துல இருந்து வர்ற ஈரக்காத்து மலைல மோதி மேகமா மாறி மரத்துக்குள்ளயே பூந்து போகும், மழையே பெய்யலன்னாகூட எலைல இருந்து தண்ணி சொட்டிட்டே இருக்கும். நம்ம ஆனமலை சோலைக்காட்டுக்குள்ள நின்னுருந்தீங்கன்னா அந்த ஜில்லுன்னு பாசி வாசம் உடனே புரியும். ஒரு மரத்துல பாசி, பெரணி, ஆர்க்கிட், ப்ரோமீலியாட்னு (அன்னாசி குடும்பத்துச் செடி) அடுக்கடுக்கா அத்தன செடி ஒட்டி வளருது, மரத்து பட்டையே கண்ணுல படாது.

எங்கள ஆளுக்கு ஒரு வீட்டுல தங்க வெச்சாங்க. என் வீட்டு அம்மாவுக்கு அறுவது வயசு கிட்ட, புருஷன் பால் மாடு வெச்சிருக்கார், பொண்ணு ஊருக்குள்ள ஒரு ஹோட்டல்ல வேலை. எனக்கு தெரிஞ்ச ஸ்பானிஷ் ஒரு செமஸ்டர் படிச்சது, அவங்களுக்கு இங்கிலீஷ் சுத்தமா கெடையாது. மொத நாள் ராத்திரி நான் நனைஞ்ச சாக்ஸ ஜன்னல்ல தொங்க விட்டிருந்தேன், காலைல பாத்தா காணோம், அந்தம்மா எடுத்துட்டு போய் ஃபிரிட்ஜுக்கு பின்னாடி சூடு வருமே அந்த கம்பில வரிசையா காயப்போட்டு, மடிச்சு, காப்பி கப்பு பக்கத்துல வெச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் மூணு வாரமும் தெனம் அதேதான், ஒரு நாள்கூட நான் ஈர சாக்ஸ் போட்டு காட்டுக்கு போகல. ஒரு வார்த்த பேசிக்காமயே அந்த வீட்டுல நான் புள்ளையாயிட்டேன்.

அங்க காப்பி போடறத பாக்கணும். மரத்துல சின்னதா ஒரு ஸ்டாண்டு, அதுல ஒரு துணிப்பை தொங்கும், சோரெயாதோர்னு பேரு, தூளப் போட்டு கொதிக்கற தண்ணிய மெதுவா மேல ஊத்துவாங்க. நம்ம டீக்கடை வடிகட்டி துணியேதான், அதே பழுப்பு கலர், சோப்பு போடாம வெறும் தண்ணில மட்டும் அலசணும்ங்கறதும் அதே.

மரியாதை விஷயம் எனக்கு ரொம்ப புடிச்சுது. ஸ்பானிஷ்ல நீ நீங்க ரெண்டும் இருக்கு, கிளாஸ்ல சொந்தக்காரங்கள நீன்னு கூப்பிடணும்னு சொல்லிக் குடுத்தாங்க, அங்க போனா அம்மா புள்ளைய, புருஷன் பொண்டாட்டிய, ஏன் அந்த வீட்டு நாயகூட "உஸ்தெத்"னுதான் கூப்பிடறாங்க, அதாவது நீங்க. கூட வந்த பசங்களுக்கு அது விசித்திரமா இருந்துச்சு, எனக்கு இல்ல, எங்க கோயம்புத்தூர் பக்கம் தொட்டில்ல கெடக்கற கொழந்தையவே வாங்க கண்ணு சாப்புடுங்கன்னுதான் கூப்பிடுவாங்க. இத அந்தம்மாகிட்ட ஒடஞ்ச ஸ்பானிஷ்ல சொன்னப்ப கைய புடிச்சுட்டு சிரிச்சாங்க.

ஊரோட கதையும் தெரிஞ்சுக்கணும். அமெரிக்கால அலபாமா மாநிலத்துல இருந்த குவேக்கர்கள், சண்டைக்கு போறது பாவம்னு நம்பற ஒரு கிறிஸ்தவப் பிரிவு, ராணுவத்துக்கு பேரு பதிய மாட்டோம்னு சொன்னதுக்காக சில பேர் ஜெயிலுக்கு போயிருக்காங்க. கோஸ்டா ரிக்கா 1948-ல ராணுவத்தையே கலைச்சுடுச்சு, அதக் கேள்விப்பட்டு குடும்பம் குடும்பமா வித்துட்டு கெளம்பி 1951-ல இந்த மலைல வந்து ஏறிட்டாங்க. பால் மாடு வெச்சு சீஸ் ஃபேக்டரி ஆரம்பிச்சாங்க, வாங்கின நெலத்துல மூணுல ஒரு பங்கு கிட்ட ஊத்துத் தண்ணிக்காக வெட்டாம விட்டுட்டாங்க, அதுதான் பின்னாடி 1972-ல ஆரம்பிச்ச மேகக்காடு காப்பகத்தோட சேந்துச்சு. பேராசிரியர் இத சொன்னப்ப நோட்ஸ் எடுத்தேன், அவ்ளோதான். சாயந்திரம் வீட்டுக்கு வந்தா அந்த வீட்டுத் தாத்தா மாட்டுக்கு புல்லு போட்டுட்டே, அவங்க மொதல்ல வந்தப்ப எங்கப்பாதான் மாட்டு வண்டில சாமான் ஏத்திட்டு வந்தாருன்னு சொன்னாரு, அப்பதான் அது எனக்கு கதையா இல்லாம நெசமா தெரிஞ்சுது.

தங்கத் தேரையப் பத்தி சொல்லாம விட முடியல. ஊர்ல எங்க பாத்தாலும் அதோட படம், கடை போர்டுல, சுவத்துல, டீ-ஷர்ட்ல, ஆரஞ்சு கலர்ல பளபளன்னு ஒரு சின்ன தேரை. 1966-லதான் அதுக்கு அறிவியல் பேரே வெச்சாங்க, உலகத்துலயே இந்த மலைக்கு மேல சில கிலோமீட்டர்ல மட்டும்தான் இருந்துச்சு. 1987-ல 1,500-க்கு மேல எண்ணியிருக்காங்க, 1989-ல ஒரே ஒரு ஆண் தேரை, அதுக்கப்புறம் யாரும் பாக்கல. தோல்ல வர்ற ஒரு பூஞ்சை நோய், பசிபிக் கடல் சூடாகறதால அந்த வருஷங்கள்ல வந்த எல் நீன்யோ வறட்சி, ரெண்டையும் காரணமா சொல்றாங்க. காட்ட யாரும் வெட்டல, காப்பகத்துக்குள்ளயேதான் அழிஞ்சுது, அதுதான் என்னை ரொம்ப நேரம் தூங்க விடல. என் ரூம் சுவத்துலயும் அந்த வீட்டுப் பொண்ணு ஸ்கூல் படிக்கறப்ப வரைஞ்ச தங்கத் தேரை படம் ஒட்டியிருந்துச்சு. அவளும் பாத்ததில்ல.

கெட்சால் பறவைய ரெண்டாவது வாரம் பாத்தோம், காட்டு அவகாடோ மரத்துல, பச்சை வாலு ரெண்டு அடிக்கு மேல தொங்குது, பழத்த முழுசா முழுங்கி கொஞ்ச நேரம் கழிச்சு கொட்டைய துப்பும், அந்த மரம் பரவறதே அப்படித்தான். நாள் ஆக ஆக வாலு உதிந்துடும்னு சொன்னாங்க, அதனால ஜூன் ஆரம்பத்துலயே கண்ண தெறந்து வெச்சுக்கோங்க.

அடுத்து ஒரு வாரம் சாராபிக்கீ பக்கம் லா செல்வா ஆராய்ச்சி நிலையம், இது கீழ்க்காடு, வேர்த்து ஊத்தும், ரப்பர் பூட்ஸ் இல்லாம காலடி வெக்க விடமாட்டாங்க, பாம்பு இருக்கு, ஒரு இஞ்ச் நீளத்துல புல்லட் எறும்பும் இருக்கு, கைப்பிடில கைய வெக்கறதுக்கு முன்னாடி பாத்து வைங்க. இங்க குடுத்த ஒரு அசைன்மென்ட்தான் 6 வாரத்துலயே பெஸ்ட்: ஒரு சதுர மீட்டர் தரைய அளந்து கயிறு கட்டி, ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்து பாத்ததெல்லாம் எழுதணும், போன் கெடையாது. மொத அரை மணி நேரம் எழுத ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஒரு தவளை, கட்டவிரல் நகம் சைஸ்தான், ஒடம்பு செவப்பு, காலு மட்டும் நீலம், அதனால ஊர்ல ப்ளூ ஜீன்ஸ் தவளைன்னு கூப்பிடறாங்க, மெதுவா என் கயித்த தாண்டி வந்துச்சு, குனிஞ்சு பாத்தா முதுகுல கருப்பா ஒரு தலப்பிரட்டை ஒட்டிட்டு இருக்கு. அது அம்மா தவளை. ஒவ்வொரு குட்டியா தூக்கிட்டு போய் எலைக்கணுல தேங்கற துளி தண்ணில தனித்தனியா விடுமாம், அப்புறம் திரும்பத் திரும்ப வந்து கரு தரிக்காத முட்டைய போட்டு அதையே சாப்பாடா குடுக்குமாம். ப்ரோமீலியாட் மேல ஏறி அது பின்பக்கமா தண்ணிக்குள்ள எறங்கற வரைக்கும் நான் மூச்சு விட்டேனான்னே தெரியல. என் ரூம்மேட் படிக்கறது ஃபைனான்ஸ், வெறும் கிரெடிட்டுக்காக வந்தவ, அவளோட ஒரு மீட்டர்ல எலைவெட்டி எறும்பு பாதை போச்சு, எலைய அதுங்க திங்கறதில்ல, புத்துக்குள்ள வெச்சு பூஞ்சை வளத்து அதத்தான் திங்குதுன்னு ராத்திரி பூரா பேசிட்டே இருந்தா.

தலமான்கா மலைல பிரிப்ரி பழங்குடி மக்களோட யோர்கின் கிராமத்துல ரெண்டு ராத்திரி. ரோடு கெடையாது, மோட்டார் வெச்ச நீளப் படகுல ஆத்த எதுத்து போகணும், ஆத்துக்கு அந்தாண்ட பனாமா. அவங்களுக்கு குலம் அம்மா வழில வருது, சடங்குக்கு ககாவோ (சாக்லேட் செய்யற கொட்டை) தயார் பண்றது பொம்பளைங்க வேலை, ககாவோ மரம் முன்னாடி ஒரு பொண்ணா இருந்துச்சுங்கறது அவங்க நம்பிக்கை, அதனால அந்த மரத்த வெறகா எரிக்க மாட்டாங்க. வறுத்த கொட்டைய பெரிய தட்டக் கல்லுல போட்டு உருண்டக் கல்ல ஆட்டி ஆட்டி அரைக்கறாங்க. ஆசை இருந்தா அரைங்கன்னாங்க, எங்க ஆத்தாவோட அம்மில பழகின கை, நான் அரைச்சதும் அந்தப் பாட்டி குனிஞ்சு பாத்துட்டு தலையாட்டி இன்னொரு கை அள்ளிப் போட்டாங்க. ஆனா 22 பேரும் கேமராவோட சுத்தி நின்னது எனக்கு உறுத்தலா இருந்துச்சு, ரெண்டு ராத்திரி பத்தவே பத்தாது, சான் ஹோசே நாளக் கொறைச்சு இங்க கூட்டணும்.

கடைசி அஞ்சு நாள் தோர்த்துகேரோ, இதுக்கும் ரோடு இல்ல, கால்வாய்ல படகு. ஜூலைல பச்சை ஆமை முட்டை போட வரும், லைசென்ஸ் உள்ள கைடோடதான் ராத்திரி பீச்சுக்கு போக முடியும், கருப்பு டிரஸ், கேமரா போன் எதுவும் கூடாது, செவப்பு லைட் மட்டும். அதனால எங்கிட்ட ஒரு போட்டோகூட இல்ல. பின்னங்காலால ஒரு கை மண்ண அள்ளி, ஓரமா வெச்சு, மறுபடி மெதுவா அள்ளுது, அந்த சத்தம் மட்டும் இன்னும் காதுல இருக்கு. நூறு முட்டை கிட்ட போட்டு மூடிட்டு கடலுக்கு போயிடுச்சு, கூட வந்தவங்க பாதிப் பேர் அழுதுட்டு இருந்தாங்க.

இப்ப அந்த ஒரு மார்க்கு. ஒண்ணு, 22 பேர ஒரே வரிசையா காட்டுக்குள்ள கூட்டிட்டு போனா எந்த மிருகமும் நிக்காது, நாங்க சண்டை போட்டதுக்கு அப்புறம்தான் மூணாவது வாரம் ரெண்டு குரூப்பா பிரிச்சாங்க. ரெண்டு, சனி ஞாயிறுல லோக்கல் ஏஜென்சி ஒண்ணு ஜிப்லைன், வெந்நீர் ஊத்துன்னு கூட்டிட்டு போச்சு, அதுக்கு தனி காசுன்னு கெளம்பறதுக்கு மொத நாள்தான் சொன்னாங்க, பஸ்ஸுலயே பத்து மணி நேரம் போச்சு. நான் ரெண்டாவது தடவ போகாம வீட்டம்மாவோட சோளத் தோசை சுட்டுட்டு இருந்தேன், அதுல எனக்கு கெடைச்சது அதிகம். மூணு, சைவத்துக்கு எல்லா ஏற்பாடும் இருக்குன்னு மெயில்ல எழுதியிருந்தாங்க, அங்க போனா பல எடத்துல பீன்ஸுலயே பன்னிக் கொழுப்பு போடறாங்க, ஹைதராபாத் பொண்ணு ஒருத்தி ஒரு வாரம் கழிச்சுதான் கண்டுபுடிச்சு அழுதுட்டா. "சின் மந்தேகா"ன்னு கேட்டு வாங்குங்க, வீட்டம்மாகிட்ட மொத நாளே சொல்லிட்டா அவங்க பாத்துக்குவாங்க. காலைல காயோ பிந்தோ, மொத நாள் சோறும் கருப்பு பீன்ஸும் வெங்காயம் கொத்தமல்லி போட்டு வதக்கினது, அதுக்கு பழகிட்டீங்கன்னா சாப்பாட்டுக்கு கவலையில்ல.

நம்ம ஊர்ல இருந்து எஃப்-1 விசால, அதாவது ஸ்டூடன்ட் விசால படிக்கறவங்க, யுனிவர்சிட்டி குடுக்கற ஐ-20 பேப்பர்ல டிராவல் சிக்னேச்சர் இருக்கான்னு பாத்துட்டு கெளம்புங்க, அது இல்லாம ஒருத்தன் கடைசி வாரம் கையெழுத்துக்கு ஓடினான். ஸ்பானிஷ் ஒரு செமஸ்டராவது படிச்சுட்டு போங்க, மொழி இல்லாம வந்தவங்க வீட்டுல ராத்திரி ரூமுக்குள்ளயே இருந்துட்டாங்க, அவங்க கணக்குல அது வெறும் தங்கற எடமாவே போயிடுச்சு. ரப்பர் பூட்ஸ் அங்கயே கடைல வாங்கிக்கலாம், பெரிய சைஸ் மட்டும் கஷ்டம். என் பூட்ஸ மோன்தேவெர்தே வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன், சமையல் ரூம் கதவுக்கு பின்னாடி இருக்கும், பெண்கள் சைஸ் 7, உங்களுக்கு அந்த வீடு கெடைச்சா போட்டுக்கோங்க, அந்தம்மாகிட்ட பொள்ளாச்சிப் பொண்ணு விசாரிச்சான்னு சொல்லுங்க.