டிராக் ரேடியலா, பயஸ் பிளையா? சாலையிலும் ஓடும் காருக்கு எது பொருந்தும்

தினமும் சாலையில் ஓடி, வார இறுதியில் கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்கும் (டிராக் ரேஸ்) போகும் மஸ்டாங், கமாரோ மாதிரி பின்சக்கர இயக்கக் கார்களுக்கான ஒப்பீடு இது. டிராக் ரேஸ் டயரில் இரண்டு வகை: உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் நேர்குறுக்காக ஓடினால் ரேடியல், ஒன்றன்மேல் ஒன்று சாய்வாக ஓடினால் பயஸ் பிளை (பயஸ்). இரண்டு வகையிலும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டிஓடி முத்திரையோடு சாலை டயர்கள் கிடைக்கின்றன.

புறப்பாடு:
பயஸ் பிளை – பக்கச்சுவர் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கிளட்சைச் சட்டென்று விடும் மேனுவல் கியர் காரில் ஆக்சில் உடையாமல் காப்பது இதுதான். லேசாகச் சுழன்றாலும் மறுபடி பிடிக்கும்.
ரேடியல் – விறைப்பானது. ஆட்டோமேட்டிக் காருக்குத் தோது. பிடி விட்டால் ஆக்சிலரேட்டரைக் குறைக்காமல் திரும்பாது.

காற்று (பந்தயத் தடத்தில், தோராயமாக):
ரேடியல் – 15 முதல் 20 பிஎஸ்ஐ.
பயஸ் – 10 முதல் 14.
வீடு திரும்பும் முன் கார் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு ஏற்றிவிடுங்கள். குறைந்த காற்றில் நெடுஞ்சாலையில் ஓடினால் டயர் சூடேறிக் கெடும்.

நெடுஞ்சாலை:
ரேடியல் – நேராக ஓடும், உருளும் தடை குறைவு.
பயஸ் – சாலைப் பள்ளக்கோடுகளில் இழுக்கும். முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்று கலந்தால் வேகத்தில் பின்பக்கம் ஆடும். இது உண்மையான ஆபத்து.

மழை: இரண்டுமே மோசம். டயர் மேலுள்ள பள்ளங்கள் ஆழமில்லை, நீர் மேல் வழுக்கும்.

தினசரி ஓட்டம் என்றால் ரேடியல்தான். மேனுவல் கியர், பந்தயத் தடம் வீட்டுக்குப் பக்கம், அல்லது டயரை அங்கேயே மாற்றிக்கொள்ளத் தனி வீல் ஜோடி உண்டு என்றால் பயஸ் வாங்கலாம்.