தினமும் போட எது? நான்கு பழைய கூடைப்பந்து ஷூக்கள்

அடிடாஸ் சூப்பர்ஸ்டார், பூமா கிளைடு, நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1, நைக்கி டங்க். நான்குமே கூடைப்பந்து ஆடுவதற்காக வந்தவை. இப்போது கணுக்கால் வெளியே தெரியும் 'லோ' வகையை நடக்கத்தான் வாங்குகிறோம். அதனால் நிறத்தைப் பிறகு பார்க்கலாம். காலையில் மாட்டினால் இரவு வரை கால் எப்படி இருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

1982இல் வந்த ஏர் ஃபோர்ஸ் 1, குதிகாலுக்கு அடியில் காற்றுப் பை வைத்த நைக்கியின் முதல் கூடைப்பந்து ஷூ. கெட்டித் தரையில் நெடுநேரம் நிற்பவர்களுக்கு அந்த மெத்து உதவும். ஆனால் நல்ல கனம். நிறைய நடக்கும் நாளில் மாலைக்குள் கால் சொல்லிவிடும். 1985இல் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் நிறங்களில் வந்த டங்க் அதைவிட ஒல்லி, லேசு. வழக்கமான டங்க் லோவில் காற்றுப் பை இல்லாததால் தரை கொஞ்சம் உறைக்கும். பாதி நாள் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அது போதும்.

கிளைடு 1973இல் நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து அணி வீரர் வால்ட் ஃபிரேசியருக்காக வந்தது. ஸ்வேட் தோல், அதாவது மேலே மெல்லிய ரோமம் போன்ற மெத்தென்ற தோல் என்பதால் சீக்கிரமே காலோடு படிந்துவிடும். நான்கில் அழகும் இதற்குத்தான். ஆனால் மழையில் நனைந்தால் கறை பிடிக்கும், ஈரத்துணியால் துடைத்துச் சரிசெய்ய முடியாது. தினமும் போட ஒரே ஷூ என்றால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் ஓட்டு சூப்பர்ஸ்டாருக்கு. மற்ற ஷூக்களில் முதலில் அடிபடுவது முனைதான். இதில் அங்கே சிப்பி போன்ற ரப்பர் மூடி இருப்பதால் கல்லில் இடித்தாலும் தோல் உரியாது. மேல்தோல் வழவழப்பாக இருப்பதால் துடைப்பதும் சுலபம். ஒரே சிக்கல், அகலமான பாதம். விரல் மடங்கும் இடத்தில் அந்த ரப்பரின் விளிம்பு அழுத்தும். அதனால் கடையில் நின்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். நுனிக்காலில் எழும்புங்கள், குந்தி உட்காருங்கள், அப்புறம் பத்தடி நடங்கள். அழுத்தினால் விட்டுவிட்டு ஏர் ஃபோர்ஸ் பக்கம் போங்கள்.

இன்னொன்று: நான்கிலும் சோலின் ஓரத்தைச் சுற்றித் தையல் ஓடும். பசை விட்டாலும் நல்ல செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மறுபடி தைத்துக்கொள்ளலாம்.